ஒரு கை பையில்

சியாத்தூராவில் கம்பிவடப் பெட்டிகள்
மலை விட்டு மலைக்கு ஆட்களைத் தூக்கிப் போன நாட்களில்
அவற்றுக்கு மின்சாரம் ஊட்டியவர்களில் ஒருவன் நான்.
எங்கள் குழுவில் ஒரே ஒரு வேதம்:
வலது கை வேலை செய்யட்டும்,
இடது கை கால்சட்டைப் பைக்குள் தூங்கட்டும்.
இரு கையும் தொட்டால் மின்சாரம் குறுக்குவழி தேடும்.
குறுக்குவழியில்தான் இதயம் குடியிருக்கிறது.

பிப்ரவரி. கையுறை ஈரம்.
ஆறாயிரம் வோல்ட் உள்ளங்கையில் நுழைந்து
முழங்கையால் வெளியேறிப் போனது.
நான் பனியில் விழுந்தேன்.
பையிலிருந்த கைதான் என்னைப் பிழைக்க வைத்தது என்றார்கள்.
எலும்பு சேர்ந்தது, தோல் மூடியது,
தோள் மட்டும் இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது.

இப்போது மருந்துக்கடை மாடியில்
மக்வாலா சொல்கிறாள்:
"மின்சாரம் வைத்துப் பார்ப்போம், நுக்ஸார்."
சிரித்தேன். சிரித்ததில் தோள் வலித்தது.

சோப்புப்பெட்டி அளவு கருவி.
ஒன்பது வோல்ட்.
இதை நாங்கள் நாக்கில் வைத்துப் பார்ப்போம்,
சார்ஜ் இருக்கிறதா என்று.

பேஸ்மேக்கர் உண்டா, வலிப்பு வந்ததுண்டா,
ஆறாத புண் ஏதும்?
தாளைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள்.
"உண்மையைச் சொல்லுங்கள். இந்த அறையில்
உங்களுக்கு ஃப்யூஸ் அதுதான்."
இல்லை, இல்லை, இல்லை என்றேன். மூன்றும் உண்மை.

பிறகு கண்ணை மூடச் சொல்லி
பஞ்சால் கையைத் தொட்டாள்.
இமையை ஒரு நூல் திறந்து வைத்திருந்தேன்.
தழும்பின் மேல் பஞ்சு போனபோது
"தெரிகிறது" என்றேன்.

ஒரு பட்டை தோளில், ஒன்று தழும்பருகே.
மெல்லத் திருகினாள்.
ஒன்றுமில்லை, ஏற்று.
இன்னும் ஏற்று.
இதெல்லாம் எனக்கு எம்மாத்திரம் என்று
எந்த முட்டாள் என் வாயால் பேசினானோ!
அவள் கை நின்றது.
பூஜ்யத்துக்குத் திருப்பினாள், பிறகுதான் பட்டையை உரித்தாள்.
அந்த ஒழுங்குக்காக அவளைப் பிடித்துப்போனது.
கீழே தோல் சிவந்திருந்தது,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

இம்முறை முகத்தில் துண்டைப் போட்டாள்.
"தொடுகிறேனா?"
"தொடுகிறாய்."
"பஞ்சு மேசைக்குப் போய் வெகு நேரமாயிற்று."

துண்டுக்கு அடியில் சோப்பு வாசனை.
கீழே தெருவில் யாரோ தக்காளி விலை பேசினார்கள்.
அவள் திட்டவில்லை.
"உணராத தோல் பலமான தோல் இல்லை, நுக்ஸார்.
காவலாள் ஓடிப்போன கிடங்கு.
தீப்பிடித்தாலும் கத்த ஆளில்லை."

பட்டைகள் இரண்டும் தோளின் பின்புறம் போயின,
இன்னும் பேச்சு மறக்காத தோலுக்கு.
"வீட்டில் முன்கழுத்துப் பக்கம் வைக்காதீர்கள்.
மார்பின் இருபுறமாகவும் வேண்டாம். ஏனென்றால்..."
அவள் முடிக்கவில்லை.
என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அது எப்போதோ தானாகப் பைக்குள் போய்விட்டிருந்தது.

பிறகு வந்தது:
சோடா நீர்க் குமிழிகள் தோலுக்கு அடியில்.
வலி போகவில்லை.
அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது,
சுவர் வழியே இருமல் கேட்டது.
"படுத்துச் சுகம் காண அல்ல இது, கையைத் தூக்குங்கள்."
ஜன்னல் தாழ்ப்பாள் வரை தூக்கினேன்.
போன மாதம் தட்டுக்கு மேல் எழாத கை.

கருவியைக் கொடுத்தனுப்பினாள்.
தூங்கும்போது வேண்டாம், குளிக்கும்போது வேண்டாம்,
வண்டி ஓட்டும்போது வேண்டவே வேண்டாம்.
படியிறங்கும்போது ஒவ்வொன்றுக்கும்
ஒரு செத்துப்போன சகாவின் முகம் நினைவுக்கு வந்தது.
விதிகள் எல்லாமே அப்படித்தான் எழுதப்பட்டவை.

இரவு லமாராவிடம் பஞ்சைக் கொடுத்து
முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டேன்.
முப்பது வருடம் என்னோடு படுத்தவள்.
"எங்கே தொடுகிறேன், சொல்" என்றாள்.

தெரியவில்லை என்றேன்.

அவள் கையை எடுத்தாளா
அங்கேயே வைத்திருந்தாளா,
அதுவும் தெரியவில்லை.