பின்னால் குந்தியிருப்பவன்

மட்டைக்காரனை ஊர் முகத்தால் அறியும்.
எனக்குக் குதிகால் காணும்.
ஏழு வருடமாய்க் கம்பி முகமூடிக்குள்ளிருந்து
நான் பார்த்த உலகம்
முழங்காலுக்குக் கீழேதான் தொடங்குகிறது.

"ஒரு இடம்தான் மிச்சம்.
ஸப்ரியா, நேசனா?
விடியமுன் சொல்லு" என்றார் கோச்.

ஆமர் வீதிக் கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீ.
போனில் இரண்டு வீடியோ,
மைதானத்து மதிலில் சாய்த்துவைத்து எடுத்தவை.
விரலால் தள்ளித் தள்ளி
ஒரு நொடியை இருபதாய் நறுக்குகிறேன்.

துவான் ஸப்ரி, கொம்பனித்தெரு.
மட்டக்குளி பஸ்ஸில் கொண்டக்டர்.
ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல்
மிச்சக்காசு எண்ணிப் பழகிய கால்கள்.
பந்து கையை விட்டு வந்த பிறகும்
முன்னங்கால் முழுதாய் ஊன்றாது,
தரையா வடிகானா என்று
பெருவிரல் நுனியால் கேட்டுப் பார்க்கும்.
கைகள் நெஞ்சோடு.
வீச்சு சின்னது, டிக்கெட் கிழிக்கிற அளவு.
வளைந்து வரும் பந்தில் ஏமாறமாட்டான்,
வளைவுகளில்தானே அவனுக்குச் சம்பளம்.

அருள்நேசன் வேறு சாதிப் பிராணி.
பழைய சோனகத் தெருவில் மூட்டை இறக்குகிறவன்.
வெங்காய மூட்டையைத் தோளால் தூக்குபவனுக்கு
நாற்பது வயதில் முதுகு இல்லை;
அவன் இடுப்பால் தூக்குவான்,
இடுப்பால்தான் அடிப்பான்.
பின்னங்காலில் முழு உடம்பையும் இறக்கிவைத்து
ஒரு மூச்சுப் பொறுப்பான்.
பிறகு இடுப்பு திரும்பும்.
தோள் இன்னும் திரும்பியிருக்காது.
கைகள் இன்னும் யோசிக்கும்.
மட்டை கடைசியில் புறப்பட்டு
எல்லோருக்கும் முன்னால் வந்து சேரும்.
சரியாய்ப் பட்டால் பந்து ரயில் பாதைக்கு அப்பால்.
எங்களிடம் பதினொரு பந்து இருந்தது.
இப்போது எட்டு.

நெஞ்சுயரத்தில் உள்ளே போட்டால் நேசன் காலி.
தூரத்தில் தாழ்வாய்ப் போட்டால்
ஸப்ரியின் அடி முற்றத்தோடு முடிந்துவிடும்.
இது எனக்கும் என் தொடைக்கு நடுவில் காட்டும்
இரண்டு விரலுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.
அவர்களிடம் சொன்னதில்லை.
நண்பர்கள்தான்;
ஆனால் நான் பந்து போடுபவனின் ஆள்.

மட்டையில் பந்து படுகிற துளியில்
இரண்டையும் நிறுத்தினேன்.

முன்னங்கால் கழிபோல் விறைத்து,
பின்னங்குதி எழுந்து,
முழங்கை விலாவை உரசி,
நாடி தோளில் இறங்கி.
முகத்தை விரலால் மறைத்தால்
ஆள் தெரியாது.
எங்கிருந்து வெளிக்கிட்டாலும்
கோட்டையில் வந்து நிற்கிற பஸ்கள் மாதிரி
இரண்டு உடம்பும் ஒரே இடத்தில்.

இரண்டு படத்திலும் மூலையில் என் கையுறை.
யப்பானிலிருந்து பழசாய் வந்தது,
யாரோ ஒரு பையனின் பெயர்
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்.
நல்ல அடி என்று அவர்கள் சொல்வது
என் பக்கத்திலிருந்து பார்த்தால் இதுதான்:
விரித்த கை, வராத பந்து.

தேநீர் ஆறிவிட்டது.
சனிக்கிழமை போட்டி.
சனிக்கிழமை தம்புள்ளையிலிருந்து லொறி வருகிற நாள்.
இருபதாய் நறுக்கினாலும் இருநூறாய் நறுக்கினாலும்
எந்தத் துளியிலும் அது தெரியவில்லை.

எழுதினேன்:
"நேசன். ஆனால் முதலாளியோடு
நீங்கள்தான் கதைக்கவேணும்."
அனுப்பியும்விட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது.
ஓடிப்போய் ஏறிய பஸ்ஸில்
ஸப்ரி.
பத்து ரூபாய் கூடுதலாய் மிச்சம் தந்தான்,
திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.
ஒன்றும் கேட்கவுமில்லை.
கொட்டாஞ்சேனைத் திருப்பத்தில் பஸ் சரிய
சனமெல்லாம் கம்பியில் தொங்கியது.
அவன் மட்டும் நடுவில்,
இரண்டு கையிலும் காசு,
முன்னங்கால் இன்னும் ஊன்றாமல்.