ஒரு மாவும் பன்னிரண்டு குழியும்

மயிலாடுதுறையில், பதிவு அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் மாடி.
பிலவேந்திரன் பாலிதீன் உறையை மேசையில் வைத்தான்.
பதினொரு பக்கம்.
வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து.
ஏழு வருஷம் அவன் குளிப்பாட்டித் துவட்டிய கிழவர்
ஹைஃபா பக்கம் எழுதிவைத்துவிட்டுப் போன நிலம்.
திங்கட்கிழமைக்குள் இங்கிலீஷில் வேண்டும்,
மும்பை வக்கீலுக்கு.

வேதாகமக் கல்லூரியில் படித்த எபிரெயம் எனக்கு.
ஊழியத்தை நான் விட்டேன்,
எழுத்து என்னை விடவில்லை.

கூஷ்: மண்ணாங்கட்டி.
சர்வே பதிவேட்டில் ஒரு தொகுதிக்கும் அதே பெயர்.
பிளாக் என்று தட்டினேன்,
மண் உதிர்ந்து போயிற்று.
அதற்குள் ஒரு துண்டு, ஹெல்கா. பார்சல் என்றேன்.
"சாப்பாடா சார்?"
சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டான்,
ஏதோ ஆபீஸில் சிரித்துவிட்டவன் மாதிரி.

ஹெவெல் என்ற இடத்தில் அரைமணி நேரம் நின்றேன்.
கயிறு. கயிறு போட்டு அளந்த சீமை.
பிள்ளை பெறும் வலிக்கும் அதே மூன்று எழுத்து.
வக்கீலுக்கு அதில் ஒன்று போதும்.
நம் பக்கத்திலும் வேலி என்றால் முள்,
வேலி என்றால் ஆறரை ஏக்கர் சொச்சம்.
கரை என்றால் ஆற்றங்கரையா, பங்கா, புடவைக்கரையா?
கேட்டு எழுத இங்கே யாருக்கு நேரம்.

மொத்தம் பன்னிரண்டு துனம்.
அதில் எட்டில் ஒரு பங்கு, பிரிபடாத பாகம்.
"அப்ப எங்க நின்னா என் எடம்?"
எங்கே நின்றாலும்
உன் காலடியில் எட்டில் ஒன்று உன்னுடையது.
பாதத்தைக் குனிந்து பார்த்தான்.
"மாக்கணக்குல சொல்லுங்க சார்."
கால்குலேட்டரைத் தட்டி
ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன்:
ஒரு மா, பன்னிரண்டு குழி.
அந்த மொழிபெயர்ப்புக்குக் காசு வாங்கவில்லை.

"மொத வரியில பெருசா இருக்கே, அது?"
நஹலா.
"நகலா? அப்ப அசல் யாருகிட்ட?"
நகல் இல்லப்பா. பிதுரார்ஜிதம்.
அப்பன் வழியில் வருகிற சொத்து.
"அவர் எனக்கு அப்பன் இல்லையே."

ஃபேன் ஒரு சுற்று சுற்றி வந்தது.
கரண்டு போனது. உட்கார்ந்திருந்தோம்.

பிறகு கேட்டான்:
"தண்ணி எங்கேருந்து வரும் சார்?
மடை யாரு கையில?"
ஜன்னல் வெளிச்சத்தில்
பதினொரு பக்கத்தையும் புரட்டினேன்.
எல்லை உண்டு, எண் உண்டு, முத்திரை உண்டு,
தண்ணீருக்கு ஒரு சொல் இல்லை.
முதல் வரிக்கே திரும்பி வந்தேன்.
இடது ஓரத்தில் கடைசி எழுத்தைக்
கட்டைவிரலால் மறைத்தேன்.
மிச்சம் நஹல்.
ஓடை.
மழைக்கு ஓடும், கோடையில் காயும்.
"நம்ம வாய்க்கா மாதிரிதான்" என்றான்,
என் விரலையே பார்த்தபடி.

எடுக்கவில்லை நான்.
கரண்டு வந்ததும் கீழேயிருந்து கடைக்காரன் கத்தினான்:
"மேல, எத்தனை நகல்?"