ரீடிங்

குளத்தில் தண்ணீர் இல்லை, அதனால்தான் விமான நிலையம்.
ஏர்வாடிக்குக் கிழக்கே பெருங்கண்ணன்குளம்,
சித்திரைச் சனிக்கிழமை, காலை ஏழு மணி.
ஆட்டுப் புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டு
கபடிக்குப் போடுகிற மாதிரியே சுண்ணாம்புக் கோடு.
நடுவில் ஒரு வட்டம், அதுதான் இறங்க வேண்டிய இடம்.
கரையில் ஓடைமரத்தில் கட்டிய துணியில்
மூன்று மாநில நட்புப் போட்டி.
நட்புக்குப் புள்ளி வைக்கப் பெயிண்டர் மறந்திருந்தான்.
யாரோ பேனாவால் வைத்தார்கள்.

எனக்கு நேரம் குறிக்கிற வேலை.
மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவன்,
எண் பிசகாது என்று ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.
கதவு பூட்டிய வீட்டுக்கு
போன தடவையைப் பார்த்துச் சராசரி போடுவோம் என்று
நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

முதல் நாள் இன்ஜின் வைத்தவை.
ஆமணக்கெண்ணெய்ப் புகை, பேதி மருந்து வாடை.
துமகூர் மல்லேஷப்பாவின் சிவப்பு விமானம்
தலைகீழாகப் போய், நேராகி, திரும்பத் தலைகீழாகி
உடைமுள்ளுக்குள் விழுந்தது.
பொறுக்கப் போன பையன்கள் ஆறு பேர், துண்டு ஏழு.
ராத்திரி மண்டபத்தில் பரோட்டா, சால்னா.
பசை காய்கிற வரைக்கும் மூன்று மொழியில் ஒரே சண்டை,
வால் எத்தனை டிகிரி சாய வேண்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் இல்லாதவை.
கயிற்றில் இழுத்து மேலே விட்டுவிட வேண்டும்,
அப்புறம் காற்றின் பாடு.
சரியாகப் பத்து நிமிடம்.
கூடினாலும் குறைந்தாலும் நொடிக்கு ஒரு புள்ளி போகும்.

புனலூர் ஷிபு, வெல்டிங் பட்டறைக்காரர்,
ஒன்பது நிமிடம் ஐம்பத்தேழு நொடி.
குடைகளுக்கு அடியில் விசில்.

கடைசியாக எங்கள் பல் டாக்டர் ஆவுடைச்செல்வி.
கயிறு கழன்றதுமே இறங்கத் தொடங்கியது வெள்ளை இறக்கை.
நாலாவது நிமிடத்தில் பனைமர உயரம்.
முடிந்தது என்று கரையில் காப்பி கேட்டார்கள்.
அவள் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
"அண்ணாச்சி, பருந்து எங்க சுத்துதுன்னு பாருங்க."

மடைக்கு மேலே இரண்டு, இறக்கை அசைக்காமல்.

அங்கே கொண்டுபோய் வைத்தாள்.
இட்லிச் சட்டி மூடியை ஆவி தள்ளுகிற மாதிரி
கீழேயிருந்து ஏதோ தள்ளியது.
தெற்கே பணகுடிப் பக்கம் காற்றாலை ஒன்றுகூடச் சுற்றவில்லை,
இங்கே ஏறிக்கொண்டே போனது.
பருந்து ஒன்று கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தது.
பிறகு மூன்றுக்கும் ஒரே வட்டம்,
களக்காட்டு மலை பின்னால் கிடக்க.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு.
பருந்துகளை விட்டுப் பிரிந்து வந்ததை,
சுண்ணாம்பு வட்டத்துக்குள் வயிறு தேய்த்து நின்றதை,
எழும்பின தூசியை, எல்லாவற்றையும் பார்த்தேன்.
கட்டைவிரல் பித்தான்மேல்தான் இருந்தது.
அமுக்கவில்லை.

"என்ன வேய், எவ்வளவு?"

வாட்சில் பத்து நிமிடம் பதினாறு, பதினேழு.
கைதட்டலுக்கு இவ்வளவு, என் மறதிக்கு இவ்வளவு என்று
உள்ளுக்குள் கழித்தேன்.
கதவு பூட்டியிருந்தது.
"ஒன்பது ஐம்பத்தெட்டு" என்றேன்.

ஒரு புள்ளியில் கோப்பை நமக்கு.
ஆவுடைச்செல்வி அதில் பவண்டோ ஊற்றி
மல்லேஷப்பாவுக்கு முதலில் நீட்டினாள்.
ஷிபு நேராக என்னிடம் வந்து
நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்து
"நல்லா பறந்நு, அல்லே சேட்டா?" என்றார்.
தலையாட்டினேன். அதுவரைக்கும் உண்மை.

வாட்சைத் திருப்பி வாங்க ஒருவருக்கும் நினைவில்லை.
பஸ்ஸில் சட்டைப் பைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.
வறுவல் நாங்குநேரிக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை மேலப்பாளையத்தில் மூன்றாவது வீடு பூட்டு.
மறுபடி வருகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொன்னேன்.
பதினெட்டு வருஷத்தில் அப்படிச் சொன்னது முதல் தடவை.
போனேனா என்பது வேறு விஷயம்.