சரக்குப் பட்டியல்

மார்செயில் மழை.
சபைக் கூடத்தின் பின்னறையில்
ஆண்டுக் கணக்கோடு உட்கார்ந்திருக்கிறேன்.
பொருளாளர் வர்தியா, மூன்றாம் ஆண்டாக,
வேறு யாரும் கை தூக்காததால்.

ஒலிபெருக்கி இரண்டு. வெண்திரை ஒன்று.
மடக்கு நாற்காலி அறுபது, அதில் நான்கு ஆட்டம்.
காப்பி இயந்திரம், தவணை இன்னும் ஐந்து மாதம்.
காப்பீட்டுக்காரர் படிவத்தில் கேட்கிறார்:
எல்லாம் திருடு போனால்
உங்கள் நட்டம் எவ்வளவு?

இதையே வேறு விதமாகக் கேட்டார்கள்
ஆயிரத்து எழுநூறு ஆண்டுக்கு முன்,
என் தாய்வழி மலைகளுக்குக் கீழே
ஓர் ஊரில்.

ஆணை சந்தையில் வாசிக்கப்பட்ட மறுநாள்
விடியுமுன் கதவைத் தட்டினார்கள்.
நகர அதிகாரி, காவலர் இருவர்,
மெழுகுப் பலகையோடு எழுத்தன் பாரிக்.
சபை கூடும் வீடு அது.
உள்ளே தங்கம் குவிந்திருப்பதாக
ஊரே சொல்லியிருந்தது.

பாரிக் எழுதினான்:
வெண்கல விளக்கு ஒன்று.
மண் விளக்கு பதினொன்று.
எண்ணெய்ச் சாடி, பாதி.
பெண்கள் அங்கி நாற்பத்திரண்டு.
பெண்கள் செருப்பு முப்பத்தொரு சோடி.
குழந்தைச் செருப்பு ஒரு சோடி,
வலது கால் வார் புதிதாகத் தைத்தது.

"கோயிலா இது, செருப்புக் கடையா?"
காவலன் சிரித்தான்.
அதிகாரி சிரிக்கவில்லை. "யாருடையவை?"
வாசல் காக்கும் நம்பாமினா சொன்னாள்:
"இன்னும் வராதவர்களுடையவை."

அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று
பாரிக்குக்குத் தெரியவில்லை.
எழுத்தாணி கொஞ்ச நேரம்
மெழுகைத் தொடாமல் நின்றது.

வர்தியா, இவர்களைப் பளிங்கில் செதுக்கிவிடாதே.
மூப்பர் கிட்டின் வேதச் சுருளை நீட்டியதும் அன்றுதான்.
கை நடுங்க நீட்டினார்.
இன்னொரு சுருள் மாவுப்பானைக்குள் இருந்தது;
அதைச் சொல்லாமல் நின்றவளுக்கும் கை நடுங்கியது.
பின்னால், யார் கொடுத்தார், யார் ஒளித்தார்,
யார் கொடுத்த ஞானஸ்நானம் செல்லும், செல்லாது என்று
பேரப்பிள்ளைகள் காலம்வரை சண்டை.
எனக்கு அது புரிகிறது.
போன ஞாயிறு நாங்கள்
திரைச்சீலையின் நிறத்துக்காகப்
பேச்சை முறித்துக்கொண்டோம்.

அத்தனை சண்டையிலும்
அந்தச் செருப்புகளைத் திருப்பித் தா என்று
யாராவது கேட்டார்களா?

நான் அவற்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.
முப்பத்தொரு பெண்கள்
எங்கோ சுடுகல்லில் நடந்துகொண்டிருந்தார்கள்,
தங்கள் கால் அளவை ஒரு வீடு
மனப்பாடமாக வைத்திருப்பது தெரியாமல்.
விசுவாசம் என்ற சொல்லை
நான் எவ்வளவு முறை உச்சரித்திருக்கிறேன்!
ஒருமுறைகூட அதற்கு
வார் தைத்துப் பார்த்ததில்லை.

எழுந்து அலமாரியைத் திறந்தேன்.
சிக்கிய கம்பிச் சுருள்கள்.
முடிந்துபோன மாநாட்டின் பதாகை,
"எல்லோரையும் வரவேற்கிறோம்" என்று
நான்காக மடித்து.
ரயில் நிலையத்தின் பெரிய படிக்கட்டில்
பிளாஸ்டிக் பைகளைக் காலில் சுற்றிக்கொண்டு
ஒரு பெண் தூங்குகிறாள்.
எட்டு நாளாகப் பார்க்கிறேன்.
பெயர் கேட்கவில்லை.
அளவு, என் அளவாக இருக்கலாம்.

கம்பிகளைத் தரையில் தள்ளினேன்.
ஒரு தட்டு காலியானது.
படிவத்தின் கடைசி வரிக்குக் கீழே
கோடு போடாத இடத்தில் எழுதினேன்:
பூட்ஸ், ஒரு சோடி, முப்பத்தெட்டு,
குதிகால் தேய்ந்தது.
மதிப்பு என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.

காலுறையோடு வீட்டுக்கு நடந்தேன்.
நாலு தெரு தண்ணீர்.
என்னை நானே திட்டிக்கொண்டு நடந்தேன்:
வீட்டில் இன்னொரு சோடி சும்மா கிடக்கிறது,
நாளைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கலாம்.

வைத்திருக்கலாம்தான்.
ஆனால் என் நாளைகளை
எனக்குத் தெரியும்.