லொடக்

ஏப்ரல் வந்தும் தண்டர் பேயில் பனி போகவில்லை.
தெருவோரம் கறுத்துக் கிடக்கிறது
கழுவாத பாத்திரம்போல.
உறைந்து உப்பிய சாலையில்
குழிக்குக் குழி என் பழைய போன்டியாக் சொல்லும்:
லொடக்.

வலது முன்சக்கரம் என்றேன் நான்.
ஸ்ட்ரட் ஒழுகுகிறது என்றான் மெக்கானிக்.
இரண்டு பக்கமும் மாற்ற அவன் சொன்ன தொகைக்கு
வண்டியே நாணி நின்றது.
நானே மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.
அவன் சிரித்திருக்கலாம். தலையாட்டினான்.
அதுதான் சுருக்கென்றது.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
நாற்பத்தெட்டுப் பிள்ளைகளைக்
காலைத் தூக்கம் கலையாமல் கொண்டுசேர்ப்பேன்.
சொந்த வண்டியில் காப்பி மடியில் கொட்டுகிறது.

சனிக்கிழமை.
சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி,
ஜாக்கில் தூக்கி, முட்டுக் கொடுத்து,
உலுக்கிப் பார்த்து, இன்னொரு முறை உலுக்கிப் பார்த்து.
பிரேக் குழாயின் பிடி கழன்றது.
வயர் கழன்றது.
பதினைந்து குளிர்காலத்து உப்பு தின்ற
அந்த இரண்டு பெரிய போல்ட்டுகள் மட்டும்
கழலவில்லை.
வெள்ளி இரவே எண்ணெய் விட்டிருந்தேன்,
குடித்துவிட்டுக் கிடந்தன.
ஸ்பேனரில் தொங்கினேன். ஏறி நின்றேன்.
ஃபின்னிஷில் எனக்குத் தெரிந்த ஆறு வசவும் தீர்ந்தன.

வேலிக்கு அப்பால் ஓரெஸ்ட்.
நவம்பரிலிருந்து பேச்சில்லை.
பனியை யார் பக்கம் தள்ளுவது என்று தொடங்கியது,
எல்லைக்கு அவர் நட்ட ஆரஞ்சுக் கம்பி
ஓர் இரவில் காணாமல் போனதோடு முற்றியது.
இப்போது தோளில் ஆறடி இரும்புக் குழாயோடு வருகிறார்,
எனக்குச் சொல்லாத வணக்கத்தைப்
போல்ட்டுக்குச் சொல்லிக்கொண்டு.
குழாயை ஸ்பேனரில் செருகி
இருவரும் சாய்ந்தோம்.
துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம்.
எவருக்கும் காயமில்லை.
போல்ட் அசைந்திருந்தது.

மேலே மூன்று நட்டு.
கடைசியைக் கழற்றும்போது கீழே ஒருவர் பிடிக்க வேண்டும்;
நான் தனியாள் என்பது கையேட்டுக்குத் தெரியாது.
அவர் மண்டியிட்டு வாங்கிக்கொண்டார்,
தூங்கும் நாயை வாங்குவதுபோல.

பிறகு ஸ்பிரிங்.
அவிழ்ப்பதற்கு முன் அடக்க வேண்டும்.
அடக்காமல் நடு நட்டைத் தொட்டால்
ஓட்டை விழுவது கூரையிலோ, முகத்திலோ.
இரு பக்கமும் கொக்கி, எனக்கொன்று அவருக்கொன்று.
நான் இரண்டு சுற்று, அவர் இரண்டு சுற்று.
ஒருவர் முந்தினால் சுருள் சாயும்.
ஐந்து மாதத்தில் நாங்கள் பேசிய முதல் வார்த்தைகள்
எண்கள்:
அவர் உக்ரைன் மொழியில், நான் ஃபின்னிஷில்.
பன்னிரண்டுக்கு மேல் இருவருக்கும் தடுமாற்றம்.
உன் முறை, என்றார்.
இல்லை, உங்களுடையது.
சுருள் கிறீச்சிட்டது. இருவரும் கொஞ்சம் பின்வாங்கினோம்,
கையை எடுக்காமல்.

பழைய ஸ்ட்ரட்டை அழுத்திப் பார்த்தேன்.
போன இடத்திலேயே நின்றது, திரும்பி வரவில்லை.
மெக்கானிக் பொய் சொல்லவில்லை.

இடது பக்கம் பாதி நேரத்தில் முடிந்தது.
ஐந்தரை மணி, விரல் நுனி இருக்கிறதா என்று தெரியாத குளிர்.
ஏறுங்கள், என்றேன்.
ஏறினார், முழங்கால் டாஷ்போர்டில் இடிக்க.

ரயில் தண்டவாளத்தைத் தாண்டினோம். வண்டி
மதிலிலிருந்து பூனை இறங்குவதுபோல் இறங்கியது.
அவர் மெல்ல விசிலடித்தார்.
அடுத்த குழி.

லொடக்.

முன்னாலிருந்து இல்லை.
மற்ற எல்லாம் அடங்கியபின் எத்தனை தெளிவாக,
பின்னால், டிக்கியில்,
ஸ்டெப்னிக்குப் பக்கத்தில்,
நவம்பர் இரவொன்றில் நான் பிடுங்கி எறிந்து
மறந்தே போயிருந்த
ஆரஞ்சு நிறத்தில்.

இரும்பு, என்றார் ஓரெஸ்ட்,
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.
மூன்றடி இருக்கும்.

வேகத்தைக் குறைத்தேன்.
வீட்டுக்கு இன்னும் ஒன்பது குழிகள்.