குளிர்ந்த இடத்தில்தான் கரி பிடிக்கும்

ஒன்சாலாவில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும்
மஞ்சள் மரவீடு.
ஆண்டுதோறும் அக்டோபர், மூன்றாம் செவ்வாய்.
கூரையேறினால் தெரியும்
பாறைகளுக்கு நடுவே அந்த வெள்ளைக் கோளம்;
அதற்குள் ஒரு கிண்ணம், அது அண்ணாந்து கேட்டுக்கொண்டிருக்கும்.
ஆல்ஃபில்டுக்கு அங்கேதான் வேலை,
ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும்.

இரும்புக் குண்டு கட்டிய தூரிகையை
முதல் தடவை நான் இறக்கும்போது
கீழே கணப்பின் வாய்க்குள் தலையை விட்டுக் கேட்டாள்:
"அதிகம் எங்கே பிடித்திருக்கிறது?"
நெருப்புக்குப் பக்கத்தில் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.
இல்லை என்றேன்.
அடியில் செங்கல் சுத்தமாக இருக்கும்,
சூடு அங்கே எதையும் உட்கார விடாது.
மேலே, வெளிக்காற்று தொடுகிற கடைசி மூன்று முழம்,
அங்கேதான் புகைக்குக் களைப்பு வரும்.
அங்கேதான் படியும்.

கைதட்டினாள். நிஜமாகவே.

பிறகு சமையலறை மேசையில் என் ரசீதின் பின்பக்கம்
ஒரு வட்டம் போட்டாள்.
சிம்மத்தில் இருக்கிறதாம், வெறுங்கண்ணுக்கு அகப்படாதாம்,
தன் புகைக்குள்ளேயே ஒளிந்துகொண்ட கிழட்டுச் சிவப்பு.
இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைவாக அதற்கு ஒரு மூச்சு:
உப்பும், ஒடுங்கும்.
உப்பும்போது மேல்தோல் எகிறும்,
எகிறிய இடம் குளிரும்,
குளிர்ந்த இடத்தில் கரி துளிர்க்கும்.
"அப்புறம்?"
"அப்புறம் வெளிச்சம் தள்ளும்."
வெளிச்சத்துக்குக் கை உண்டா என்றேன்.
துகளுக்கு முதுகு உண்டு, அது போதும் என்றாள்.
தள்ளுப்பட்டு ஓடும் துகள்
சும்மா மிதந்த வாயுவையும் இழுத்துக்கொண்டு ஓடும்,
கடைசிப் படகுக்கு ஓடுகிறவன்
துறையில் நின்றவனையும் சேர்த்து இழுப்பதுபோல.
ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு பூமி எடை.
"பெருக்க ஆள் கிடையாது அங்கே"
என்று காப்பிக் கோப்பைக்குள் சிரித்தாள்.

மறு ஆண்டு, பியானோ இருந்த சுவரில்
வெளிறாத ஒரு செவ்வகம்.

அதற்கடுத்த ஆண்டு புத்தகங்கள் இரண்டு வேன் போயிருந்தன.
நாற்காலிகள் அண்டை வீட்டில்.
நீலக் கோப்பைகள் இரண்டு என் பையில்,
வேண்டாம் என்று சொல்லச் சொல்ல.
யாரும் பிடுங்கவில்லை. அவளே கதவைத் திறந்துவைத்தாள்.
ஆனால் போன ஒவ்வொன்றும் இன்னொன்றை இழுத்துப்போயிருந்தது:
பியானோவோடு, பாட வந்த பெண்கள்;
நாற்காலிகளோடு, ஞாயிற்றுக்கிழமைகள்.
நோயா என்று நான் கேட்கவில்லை.
கரி எடுக்க வந்தவன் கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டு.
வேறொன்று கேட்டேன்:
அந்தச் சிவப்பில் கடைசியாக என்ன மிஞ்சும்?
"பூமியளவு ஒரு வெண்மை. எரியாது.
ஆறிக்கொண்டே இருக்கும், ரொம்ப ரொம்ப காலம்."
நின்றபடியே காப்பி குடித்தோம்.
உட்கார ஒன்றும் இல்லை.

நான்காம் அக்டோபர் கதவைத் திறந்தது வேறு குடும்பம்.
பெயின்ட் வாசம்.
முகத்தில் கரி பட்டால் மானம் போகிற ஊர்கள் இருக்கின்றன;
எங்கள் ஊரில் கரிக்காரன் சட்டையைத் தொட்டால் நல்ல காலம்.
ஐந்து வயது ஸிக்ஸ்டனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்,
தொடவில்லை அவன், இரண்டு கையாலும் பிடித்துப் பிசைந்தான்.
பிறகு ஓடிப்போய்
புதிதாக வெள்ளை பூசிய சுவரில், சரியாக அந்தப் பியானோ இடத்தில்
பத்து விரலையும் பதித்தான்.

மன்னிக்கவும் என்று வந்தாள் தாய், ஈரத்துணியோடு.
எதைத் துடைக்கப்போகிறாள் என்று சொல்லியிருக்கலாம்.
எனக்கு ஆல்ஃபில்டின் சொற்கள் வரவில்லை,
வட்டம்கூட ஒழுங்காக வரையத் தெரியாது.

ரசீதில் எழுதினேன்:
மேல்பகுதியில் படிவு அதிகம்.
காற்றை அடைத்து அடுப்பைப் புகையவிடாதீர்கள்.
எரிந்தால் நன்றாக எரியட்டும்.
தொள்ளாயிரம் குரோனா, இம்மாதக் கடைசிக்குள்.