விலைப்பட்டியலில் ஓர் இரவு

மூன்று விமானம் மாறினேன்.
கடைசியது மினிபஸ் அளவு.
பால்காரன் சைக்கிள் மாதிரி
வீட்டுக்கு வீடு நின்று போனது.
வார்டோவில் நான் இறங்கினேன்,
என் பெட்டி இறங்கவில்லை.
என்னைவிட அதிகம் நார்வே பார்த்த பெட்டி அது.

மீன் தொழிற்சாலை வாசலில் கூன்வோர்.
கைகுலுக்கும் முன்பே ஆரம்பித்தாள்:
"மூன்று வாரமாய் ராத்திரிக் கணக்கு ஓடவில்லை.
குளிரறையில் நாற்பது டன் காட் மீன்.
கணினியைக் கேட்டால்
எல்லாம் இன்னும் கடலில் நீந்துகிறது."

ஜூன் மாதச் சாரல்.
நனைந்த கோட்டைக் கழற்றி
சுவரில் துருத்திய ஏதோ ஒன்றில் மாட்டிவிட்டு
உட்கார்ந்தேன்.
கடவுச்சொல், மஞ்சள் தாளில், திரையின் ஓரத்திலேயே.
அடித்தேன். ஏற்கவில்லை.
"அது போன மாதத்தது" என்றார் சிக்பியோர்ன்,
இறால் சாண்ட்விச்சுக்கு நடுவில்.
"புதியது பின்பக்கம் இருக்கிறது."

நான் தாளைத் திருப்புவதற்குள்
கணக்கு ஓடத் தொடங்கியது.
தானாக.
பல் டாக்டர் வாசலில் வலி நின்றுவிடுமே, அப்படி.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்.
நான்கு பேர் கைதட்டும்போது
உண்மைக்கு ஏது நேரம்?
முகத்தைச் சற்றுச் சுளித்து
"உள்ளே ஒரு சிக்கல்" என்றேன்.
(என் தொழிலில் இந்த வாக்கியத்துக்குத்தான் சம்பளம்.)

விடுதிக்காரர் தூர்கெய்ர்
கணினிக்காரன் என்று கேள்விப்பட்டதும்
தொலைக்காட்சியைக் காட்டினார்,
துணி துவைக்கும் இயந்திரத்தைக் காட்டினார்,
காதில் இருந்த கருவியைக் கழற்றிக் காட்டினார்.
கழற்றிய பிறகு
நான் சொன்ன எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.
அறைக்குப் போனால்
நடுநிசி வெயில் என் தலையணையில் படுத்திருந்தது.
நான் நாற்காலியில்.

மறுநாள் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.
அடுத்த ஊரில் விமானம் நிற்கும்போதே போன்:
"மீன் மறுபடி கடலுக்குப் போய்விட்டது."

திரும்பினேன். மாட்டினேன். உட்கார்ந்தேன்.
ஓடியது.
கிளம்பினேன். நின்றது.

"உங்களுக்குக் கைராசி" என்றாள் கூன்வோர்.
சிக்பியோர்ன் என்னைப் படம் பிடித்து
சர்வர் மேல் ஒட்டிப் பார்த்தார்.
படத்துக்கு ராசி இல்லை.
வெட்டுமேசைப் பெண்கள் சிரித்துவிட்டு
மூக்கில் மீன் செதிலோடு வேலைக்குத் திரும்பினார்கள்.

மூன்றாம் தடவை. நல்ல குளிர்.
உட்கார்ந்தபடியே கை நீட்டி
கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.
கணக்கு சட்டென நின்றது,
வாக்கியத்தின் நடுவில்
பெயர் மறந்தவர் மாதிரி.

எழுந்து சுவரைப் பார்த்தேன்.
நான் மாட்டியது ஆணியில் இல்லை.
அது ஒரு கண். வெளிச்சம் பார்க்கும் கண்.
இருட்டினால் ராத்திரிக் கணக்கைத் தொடங்கு என்று
யாரோ, எங்கோ தெற்கே உட்கார்ந்து,
நிரல் எழுதியிருக்கிறார்கள்.
மூன்று வாரத்துக்கு முன்
கூரையில் கண்ணாடி பதித்தார்களாம்.
ஜூலைக் கடைசிவரை
இந்த ஊரில் சூரியன் வீட்டுக்கே போவதில்லை.

நிரலை மாற்ற தலைமையகத்தின் அனுமதி வேண்டும்.
படிவம் ஏழு பக்கம். நான்கு வாரம்.
மீனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

கோட்டை விட்டுவிட்டு வந்தேன்.
கூன்வோர் விடவில்லை: "பில்லில் என்ன போட?"
எழுதிக் கொடுத்தேன்:
இரவு – ஒன்று.
கறுப்பு, கம்பளி. ஒரு பொத்தான் இல்லை.

வாசல்வரை வந்தவள் கேட்டாள்,
"நவம்பரில் சூரியனே வராதே,
கணக்கு நாளெல்லாம் ஓடினால்?"
"கூப்பிடுங்கள்.
பகல் ஒன்று கொண்டுவருகிறேன்,
அறுபது வாட்."

விமானப் படியில் பல் தந்தியடிக்க நின்றேன்.
கீழே, சரக்குக் கதவு வழியாக,
உள்ளே இரண்டு ஸ்வெட்டரோடு
என் பெட்டி
அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.